அடியில எவ்ளோ சூடு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, போற போக்குல, "பூமிக்குள்ள 1 கிலோமீட்டர் இறங்கினா சராசரியா 25லேருந்து 30 டிகிரி சூடு கூடும்"னு எழுதியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல, அதனால இந்த தடவை சினிமா கேள்வி, ரேஷன் கார்டு கேள்வி எல்லாத்தையும் ஓரமா வச்சாச்சு, முழுக்க நிலத்தடி சூடுதான்.

கேள்வி: எங்க கிணத்துத் தண்ணி மார்கழில வெதுவெதுன்னு இருக்கு, சித்திரைல ஜில்லுன்னு இருக்கு. ஆனா 800 அடி போர் தண்ணி வருஷம் பூரா வெதுவெதுப்புதான். ரெண்டும் ஒரே தோட்டம்தானே, ஏன் இப்படி? – வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கிணத்துத் தண்ணி கிட்டத்தட்ட மாறவே இல்லம்மா, மாறினது வெளிக்காத்தும் நம்ம கையும்தான். மண்ணு சூட்டை ரொம்ப மெதுவாத்தான் உள்ள விடும். பகல் வெயிலோட தாக்கம் ரெண்டு மூணு அடிலயே முடிஞ்சிடும், கோடையும் குளிரும் மாறி மாறி வர்றது கூட 10, 15 மீட்டர் தாண்டினா தெரியாது, அங்க எப்பவும் அந்த ஊரோட வருஷ சராசரி சூட்டை ஒட்டித்தான் நிக்கும். பாரிஸ் அப்சர்வேட்டரிக்கு அடியில 28 மீட்டர் ஆழத்துல ஒரு நிலவறை இருக்கு, ஆக்ஸிஜனுக்குப் பேர் வச்ச அதே லவாய்சியே 1783ல அங்க ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டு போய் வச்சார், மேல பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் அது 12 டிகிரிக்குப் பக்கத்துலயே அசையாம நின்னுச்சு.

800 அடிங்கிறது 240 மீட்டருக்கு மேல, அங்க வெயிலுக்கு வேலையே இல்ல, கீழேருந்து வர்ற சூடு மட்டும்தான். உங்க ஊர் சராசரியை விட ஒரு 4, 5 டிகிரி கூட இருக்கும். அதோட உள்ள இறக்கியிருக்கிற மோட்டாரும் தன் பங்குக்கு தண்ணியைக் கொஞ்சம் சூடாக்கும். மோட்டார் போட்டதும் முதல்ல வர்றது வெயில்ல காஞ்ச குழாய்ல நின்ன தண்ணி, அதைத் தொட்டுப் பார்த்துட்டு முடிவுக்கு வராதீங்க.

கேள்வி: ரஷ்யால தோண்டின குழிக்குள்ள மைக் விட்டப்போ நரகத்துல மனுஷங்க அலறுற சத்தம் கேட்டுச்சு, உடனே பயந்து மூடிட்டாங்கன்னு எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு ஆடியோ சுத்துது. உண்மையா சார்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: கட்டுக்கதை. 1990 வாக்குல அமெரிக்க மதப்பிரசார டிவில சுத்தினது, இப்ப உங்க மாமா போன் வரைக்கும் வந்திருக்கு. இந்தக் கதையைப் பொய்னு சொல்ல ஆவி பேய் ஆராய்ச்சியெல்லாம் வேணாம், அதுல வர்ற டெம்பரேச்சர் ஒண்ணே போதும். 14.4 கி.மீ. ஆழத்துல 1,100 டிகிரின்னு கதைல வருது. அந்தச் சூட்டுல வெள்ளியே உருகிடும், மைக் மட்டும் உட்கார்ந்து ரெக்கார்டிங் பண்ணுமா?

நிஜக்குழி நார்வே எல்லைக்குப் பக்கத்துல, கோலா தீபகற்பத்துல இருக்கு. 1970 மே மாசம் ஆரம்பிச்சு 1989ல 12,262 மீட்டர் வரை போனாங்க, இன்னைக்கு வரை செங்குத்து ஆழத்துல அதைத் தாண்டின குழி கிடையாது. பெரிய பள்ளம்னு கற்பனை பண்ணிக்காதீங்க, விட்டம் 23 சென்டிமீட்டர்தான், ஒரு சாப்பாட்டுத் தட்டு வச்சா வாய் மூடிடும். அடியில 100 டிகிரி இருக்கும்னு கணக்குப் போட்டு இறங்கினாங்க, இருந்தது 180 டிகிரி. அந்தச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் பாறை கெட்டியா நிக்கல, ட்ரில்லை வெளிய எடுத்தா குழி நெருங்கி வந்துச்சு, 15 கி.மீ. போற திட்டத்தை விட்டுட்டாங்க. சோவியத் யூனியன் கலைஞ்சதுல காசும் இல்லாம போச்சு. பயந்து மூடினதுன்னு சொன்னா, பட்ஜெட்டுக்குப் பயந்துதான்.

இதுல எனக்கு சுவாரசியமா படறது வேற விஷயம். ஜெர்மனில, பவேரியா பக்கம் கேடிபின்னு ஒரு ஆராய்ச்சிக் குழி தோண்டினாங்க, 1994ல 9,101 மீட்டரோட நின்னுச்சு. கோலாவை விட 3 கி.மீ. ஆழம் கம்மி, ஆனா அடியில 260 டிகிரிக்கு மேல! கோலா பக்கத்து அடிப்பாறை 250 கோடி வருஷத்துக்கும் மேல பழசு, அந்த மாதிரி கிழட்டு நிலத்துல கீழேருந்து வர்ற சூடு கம்மி. அதனால "இத்தனை ஆழம்னா இத்தனை டிகிரி"ன்னு உலகத்துக்கே ஒரு வாய்ப்பாடு போட முடியாது, போன இதழ்ல நான் சொன்னதும் சராசரிதான், உங்க ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீங்க.

கேள்வி: 4 கி.மீ. ஆழமுள்ள குழில தெர்மாமீட்டரை இறக்கி, வெளிய எடுக்கிறதுக்குள்ள ரீடிங் மாறிடாதா? உண்மைல எப்படி அளக்கிறாங்க? – இன்ஜினியரிங் மாணவர், காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி தம்பி, ஆனா வெளிய எடுக்கிறது பிரச்சனையே இல்ல, பிரச்சனை வேற இடத்துல இருக்கு. ஜுரத்துக்கு நாக்குக்கு அடியில வைக்கிற பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை பாத்திருப்ப, வெளிய எடுத்தாலும் பாதரசம் இறங்காது, கழுத்துல ஒரு நெருக்கல் இருக்கும், உதறினாத்தான் இறங்கும். எண்ணெய்க் கிணத்துல ரொம்ப காலம் இதே ஐடியாதான் ஓடிச்சு. அதுல ரெண்டு மூணை கருவியோட சேர்த்துக் கட்டி இறக்குவாங்க, ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு சொல்லட்டும்னு, அது போன வழியில எங்க அதிகமா சூடு இருந்துச்சோ அதை மட்டும் காட்டும், அது அடிமட்டம்தான்னு நாமளா எடுத்துக்க வேண்டியது.

நிஜப் பிரச்சனை, தோண்டுறதே சூட்டைக் கெடுத்துடும். ட்ரில் ஓடும்போது மேலேருந்து சேத்துக்கரைசல் ஒண்ணை பம்ப் பண்ணிக்கிட்டே இருப்பாங்க, மட்'னு சொல்வாங்க, அது கீழ போய் பாறைத்தூளை அள்ளிட்டு மேல வரும். மேலேருந்து போற மட் அடிப்பாறையைக் குளிர வைக்கும், திரும்பி வரும்போது மேல்பக்கத்துப் பாறையைச் சூடாக்கும், ஆக குழில எந்த இடத்துலயும் பழைய சூடு இல்ல. தோண்டி முடிச்ச உடனே கருவியை இறக்கினா அடியில வர்ற ரீடிங் உண்மையை விட 10, 20 டிகிரி குறைச்சலாவும் இருக்கலாம். எண்ணெய்க் கம்பெனிக்காரங்களுக்கு குழி தோண்டுற ரிக்கோட நாள் வாடகை கண்ணுக்கு முன்னாடி நிக்கும், காத்திருக்க மாட்டாங்க. அதனால மட் ஓட்டம் நின்ன பிறகு வெவ்வேற நேரத்துல ரெண்டு மூணு தடவை அளந்து, சூடு எந்த வேகத்துல திரும்பி ஏறுதுன்னு கிராஃப் போட்டு, அந்தக் கோட்டை நீட்டி, "காலாகாலத்துக்கும் விட்டிருந்தா இங்க வந்து நின்னிருக்கும்"னு கணக்கு பண்ணுவாங்க, ஹார்னர் முறைன்னு பேரு. ஆராய்ச்சிக்காரங்க அப்படி இல்ல, குழி தோண்ட எத்தனை நாள் ஆச்சோ அதுக்கு 10 மடங்குக்கு மேல சும்மா போட்டுட்டுத்தான் வருவாங்க.

அப்படி வந்து இறக்கும்போது தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கேத்த மாதிரி மின்தடை மாறுற ஒரு சின்ன சென்சார் வச்ச கருவியை கேபிள்ல கட்டி, ஆயிரத்துல ஒரு டிகிரி வித்தியாசம் வரை பார்ப்பாங்க. இதுல ஒரு தொழில் ரகசியம், கீழ இறக்கும்போதுதான் அளக்கணும், மேல இழுக்கும்போது இல்ல, ஏன்னா கருவி போற வழியில தண்ணியைக் கலக்கிடும், கலங்காத தண்ணியை அது சந்திக்கிறது கீழ போகும்போது மட்டும்தான். ரீடிங் நேர்கோடா போயிட்டிருந்து திடீர்னு ஒரு இடத்துல நொடிச்சா, அங்க பாறை வெடிப்பு வழியா தண்ணி ஓடுதுன்னு அர்த்தம், சில சமயம் அதைக் கண்டுபிடிக்கவே இந்த வேலையைப் பண்றாங்க.

இப்ப கண்ணாடி இழைக் கேபிளும் வந்தாச்சு. குழி நெடுக ஒரு ஃபைபரை விட்டு லேசர் துடிப்பு அனுப்புவாங்க, உள்ளேருந்து கொஞ்சூண்டு வெளிச்சம் நிறம் மாறித் திரும்பி வரும், அதுல ரெண்டு நிறங்களோட விகிதம் சூட்டைச் சொல்லும், திரும்ப எடுத்த நேரம் ஆழத்தைச் சொல்லும். ஆக மொத்தக் குழிக்கும் ஒரே நேரத்துல, மீட்டருக்கு மீட்டர் ரீடிங். கருவியை இறக்கி ஏத்துற வேலையே இல்ல.

எதாவது ரிப்போர்ட்ல "அடிவெப்பம் இத்தனை டிகிரி"ன்னு நம்பர் மட்டும் இருந்து, மட் நின்னு எத்தனை மணி நேரம் கழிச்சு அளந்ததுன்னு இல்லைன்னா நான் அந்த நம்பரை நம்பறதில்ல, நீயும் நம்பாத.

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயல்ல சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை செஞ்சவர். கீழ பாறைல கை வைக்க முடியாதுன்னு சொல்வார். நிஜமாவே அவ்ளோ சூடா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாத்தா ஒண்ணும் கூட்டிச் சொல்லல. வட ஆற்காடு பக்கத்துலேருந்து குடும்பம் குடும்பமா அங்க போனவங்க நிறைய, அவங்க வீட்டுல எல்லாம் இந்தப் பேச்சு இருக்கும். சாம்பியன் ரீஃப் 3 கி.மீ.க்கு மேல ஆழம், அந்தக் காலத்துல உலகத்துலயே ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு, அடிமட்டத்துப் பாறையோட சூடு 60 டிகிரிக்கு மேல. இத்தனைக்கும் கோலாரும் கோலா மாதிரி கிழட்டு நிலம்தான், கிலோமீட்டருக்கு 15 டிகிரி கூட ஏறாது. வேற நிலமா இருந்திருந்தா அந்த ஆழத்துல மனுஷன் இறங்கியே இருக்க முடியாது.

சுரங்கத்துல பாறைச் சூட்டை அளக்கிறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. சுவத்துல தெர்மாமீட்டரை ஒட்டினா அது காத்தோட சூட்டைத்தான் சொல்லும், ஏன்னா காத்தோட்டம் பட்டுப்பட்டு சுவர் எப்பவோ ஆறியிருக்கும். அதனால புதுசா வெடி வச்சு உடைச்ச முகப்புல சில மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ள தெர்மாமீட்டரை வச்சு, வாயை அடைச்சு, பாறையோட சூட்டுக்கு வர்ற வரை விட்டு எடுப்பாங்க. பாறை மட்டும் இல்ல, மேலேருந்து அனுப்புற காத்தும் கீழ போகப்போக அழுத்தம் கூடி தானாவே சூடாகும், கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 10 டிகிரி. ஃபேன் போட்டா மட்டும் பத்தாது, காத்தைக் குளிர வச்சு அனுப்பணும். தென் ஆப்பிரிக்கால எம்போனெங்னு கிட்டத்தட்ட 4 கி.மீ. ஆழச் சுரங்கம் இருக்கு, அங்க ஐஸ் கூழ் செஞ்சு குழாய்ல கீழ இறக்குறாங்க. கோலார் 2001ல மூடியாச்சு. தங்கம் தீரல, எடுக்கிற செலவு தங்கத்தை விட கூடிப்போச்சு.

1965ல அதே தங்கவயல் ஆழத்துலதான் வளிமண்டல நியூட்ரினோங்கிற, பாறையையே ஊடுருவிப் போற நுண்துகளைப் பிடிச்சாங்கங்கிறதையும் வீட்டுல பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க.

கேள்வி: இவ்ளோ வருஷமாகியும் பூமி ஏன் ஆறல? – வாசகி, வேலூர்

பதில்: இதே கேள்விதான் கெல்வினுக்கும், டிகிரிக்குப் பேர் கொடுத்தாரே அவரேதான். உருகிக் கிடந்த பூமி ஆறி ஆறி இன்னைக்கு சுரங்கத்துல தெரியுற இந்த சூட்டு ஏற்றத்துக்கு வர எத்தனை வருஷம் ஆகும்னு 1862ல கணக்குப் போட்டார், 2 கோடிலேருந்து 40 கோடிக்குள்ளன்னு விடை வந்துச்சு. உண்மை 450 கோடிக்கு மேல. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் உள்ள சிதைஞ்சு சூடு தருதுன்னு அவருக்குத் தெரியாது, அதனால தப்பாச்சுன்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கும். அது பாதிதான். கெல்வின்கிட்ட முன்னாடி உதவியாளரா இருந்த ஜான் பெரி 1895லயே வேற ஒண்ணு சொன்னார், ஆழத்துல பாறை மெதுவா ஓடுதுன்னு வச்சா உள் சூடு மேல வந்துக்கிட்டே இருக்கும், அப்ப வயசு பல மடங்கு கூடும்னு. குரு கேக்கல. இன்னைக்குப் பார்த்தா பெரி சொன்னதுதான் பெரிய காரணம்.

இன்னொண்ணு, வெளிய வர்ற சூடே ரொம்ப சொற்பம். கண்டங்கள்ல சராசரியா ஒரு சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட்டுதான். ஒரு கிரவுண்டு மனைக்கு மொத்தமா கணக்கு போட்டா 15 வாட் கூட வராது. இந்த வேகத்துல ஆறணும்னா எப்ப ஆறும்?

கேள்வி: 250 கோடி வருஷத்துக்கு முந்தின பாறை இத்தனை டிகிரில இருந்துச்சுன்னு சொல்றாங்களே, அப்ப யாரு தெர்மாமீட்டர் வச்சா? – வாசகர், தாம்பரம்

பதில்: கிண்டலா கேட்டிருந்தாலும் இந்த வாரத்துல எனக்குப் பிடிச்ச கேள்வி இது, அதுவும் தாம்பரத்துலேருந்து! உங்க ஊர்லேருந்து ட்ரெயின்ல ஏறினா பல்லாவரம் குன்று, அப்புறம் பரங்கிமலை, அந்தக் கறுத்த பாறைக்கு சார்னகைட்னு பேரு. கல்கத்தால கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கோட கல்லறைக்கல் இந்தப் பாறைதான், அதை வச்சு ஜியாலஜிக்கல் சர்வேல இருந்த தாமஸ் ஹாலண்ட் வச்ச பேர் உலகம் பூரா நிலைச்சிடுச்சு. அது ஒரு காலத்துல பூமிக்குள்ள 700, 800 டிகிரில இருந்த பாறை.

எப்படித் தெரியும்? பாறைல இருக்கிற தாதுக்களே தெர்மாமீட்டர். ஒவ்வொரு தாதுவுக்கும் இந்தச் சூட்டுலேருந்து இந்தச் சூடு வரைதான் நிப்பேன்னு ஒரு எல்லை உண்டு, அதை லேப்ல உலைல வச்சு அழுத்தி சோதிச்சு வச்சிருக்காங்க. கயனைட், ஆண்டலூசைட், சிலிமனைட்னு மூணு இருக்கு, மூணுக்கும் ஒரே ஃபார்முலா, அலுமினியமும் சிலிக்கானும் ஆக்ஸிஜனும், ஆனா எந்தச் சூடு, எந்த அழுத்தம்ங்கிறதைப் பொறுத்து எது உருவாகும்னு மாறும், சுமார் 500 டிகிரி, 4,000 அட்மாஸ்பியர் பக்கத்துல மூணும் சந்திக்கும். பாறைல எது இருக்குன்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். சார்னகைட்ல தண்ணி சேர்ந்த தாதுக்கள் போய் தண்ணி இல்லாத பைராக்சீன்ங்கிற தாது வந்திருக்கும், தண்ணியை விரட்டுற அளவுக்கு சூடுன்னு அதுலயே புரியும்.

நம்பரா வேணும்னா கார்னெட், பயோடைட்ங்கிற ரெண்டு தாதுவும் ஒட்டி இருக்கிற இடத்தைத் தேடுவாங்க. ரெண்டும் இரும்பையும் மெக்னீசியத்தையும் ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கும், யார்கிட்ட எவ்ளோ போகும்ங்கிறது சூட்டைப் பொறுத்தது, ஃபெர்ரி, ஸ்பியர்னு ரெண்டு பேர் 1978ல லேப்ல இதை அளந்து சூத்திரமா போட்டாங்க. மைக்ரோப்ரோப்னு எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுற கருவில, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி இடத்துல எந்தத் தனிமம் எவ்ளோ இருக்குன்னு அளந்து அந்த சூத்திரத்துல போட்டா டிகிரி வந்துடும்.

வந்துடும்தான், ஆனா எந்த நேரத்து டிகிரி? காரைக்குடி தம்பிக்குச் சொன்ன அதே வில்லங்கம் இங்கயும். பாறை மெதுவா ஆறும்போதும் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துக்கிட்டே இருக்கும், ஒரு கட்டத்துல அணுக்கள் நகர முடியாம நின்னுடும், நமக்குக் கிடைக்கிறது அந்த நின்ன நேரத்து ரீடிங். உச்ச சூடு அதை விட 100, 200 டிகிரி கூட மேல இருந்திருக்கலாம். அதனால கார்னெட்டோட ஓரத்தை விட்டுட்டு நடுப்பகுதியை அளப்பாங்க, இல்லைன்னா அவ்ளோ சுலபமா மாறாத தாதுவைத் தேடுவாங்க. பழனி மலைப் பக்கம் சஃபிரின்ங்கிற தாதுவும் குவார்ட்ஸும் ஒட்டி உட்கார்ந்திருக்கிற பாறைகள் கிடைச்சிருக்கு, அந்த ஜோடி 900 டிகிரிக்கு மேலதான் சேரும், அது நடந்து சுமார் 55 கோடி வருஷம் ஆச்சு.

கம்மி சூட்டுக்கு வேற ஆளுங்க. கோனொடோன்ட்னு ஒரு பழைய கடல் பிராணியோட பல் மாதிரி துணுக்குகள் சுண்ணாம்புப் பாறைல கிடைக்கும், சூடாகச் சூடாக வெளிர் மஞ்சள்லேருந்து பழுப்பு, அப்புறம் கறுப்பு ஆகும். அமெரிக்கால அனிதா ஹாரிஸ்ங்கிற அம்மா அதுங்களை உலைல வறுத்து நிறத்துக்கு ஒரு அட்டவணை போட்டு 1977ல வெளியிட்டாங்க, எண்ணெய் தேடுற கம்பெனிங்க எல்லாம் அதைப் பிடிச்சுக்கிச்சு, ஏன்னா பாறை எவ்ளோ வெந்திருக்குன்னு தெரிஞ்சா எண்ணெய் இருக்குமா, கேஸா மாறிடுச்சான்னு சொல்லிடலாம். அபடைட்ங்கிற தாது இன்னொரு வழி. உள்ள யுரேனியம் அணு ரெண்டா உடையும்போது ஒரு கீறல் விழும், 110, 120 டிகிரிக்கு மேல போனா கீறலெல்லாம் ஆறிடும், அதனால கீறலை எண்ணினா பாறை எப்ப அந்தச் சூட்டுக்குக் கீழ இறங்குச்சுன்னு தெரியும்.

ரொம்ப பழசுன்னா ஆஸ்திரேலியா ஜாக் ஹில்ஸ்ல கிடைக்கிற ஜிர்கான்ங்கிற தாது மணிகள், சிலது 440 கோடி வருஷம் வரை. அதுக்குள்ள சிக்கின டைட்டானியத்தை அளந்து, உருவானப்போ 700 டிகிரி பக்கம்னு 2005ல வாட்சன், ஹாரிசன் ரெண்டு பேரும் சொன்னாங்க. அவ்ளோ கம்மி சூட்டுல பாறை உருகணும்னா தண்ணி இருந்திருக்கணும்னு வாதம், அதுக்கு மறுப்பும் இருக்கு, சண்டை ஓயல.

கேள்வி: பாறை சரி, பழைய கடலோட சூடு? – வாசகி, தூத்துக்குடி

பதில்: கிளிஞ்சல் ஓட்டுல இருக்கு. கனமான ஆக்ஸிஜன் 18ம் லேசான ஆக்ஸிஜன் 16ம் ஓட்டுக்குள்ள எந்த விகிதத்துல சேரும்ங்கிறது தண்ணியோட சூட்டைப் பொறுத்ததுன்னு வேதியியல் விஞ்ஞானி ஹெரால்டு யூரி 1947ல சொன்னார். அப்புறம் அவரோட குழு ஸ்காட்லாந்துல கிடைச்ச ஒரு பெலம்னைட்டை, கணவாய்க்கு தூரத்துச் சொந்தம், 15 கோடி வருஷத்துக்கும் மேல பழசு, அதைச் சுத்து சுத்தா சுரண்டி அளந்தாங்க. தண்ணி சராசரி 17.6 டிகிரி, இது 3 கோடையும் 4 குளிர்காலமும் பார்த்துட்டு ஒரு வசந்தத்துல செத்துப்போச்சுன்னு எழுதினாங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கூட இவ்ளோ தெளிவா இருக்காது!

கேள்வி: எங்க தோட்டத்துல ஓடாத போர் ஒண்ணு இருக்கு. ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு நாங்களே சூடு அளக்கலாமா? – அப்பாவும் மகளும், தர்மபுரி

பதில்: தாராளமா. கடைல தண்ணி புகாத டிஜிட்டல் சென்சார் நீள ஒயரோட கேளுங்க, ஒயர்ல 5 மீட்டருக்கு ஒரு முடிச்சா அடையாளம் போடுங்க, நுனில ஒரு சின்ன வெயிட். பக்கத்துல ஓடுற போர் எதாவது இருந்தா அதையும் சில நாள் நிறுத்தி வைங்க, இல்லைன்னா அது இழுக்கிற தண்ணி உங்க ரீடிங்கைக் கெடுக்கும். மேலேருந்து கீழ மட்டும் அளங்க, ஒவ்வொரு முடிச்சுலயும் நம்பர் அசையாம நிக்கிற வரை பொறுங்க. தண்ணி மட்டத்துக்கு மேல காத்துல வர்ற ரீடிங்கை எழுதாதீங்க, அது சரியா இருக்காது. முதல் 15 மீட்டர் குழப்பமாத்தான் வரும், அதுக்குக் கீழதான் கோடு நேராகும், 100 மீட்டருக்கு 1.5 டிகிரி ஏறினாலே உங்க பகுதிக்கு நியாயமான விடைதான், டீச்சர் புத்தகத்துல 3 டிகிரின்னு இருக்கேன்னு கேட்டா கோலாரைக் காட்டுங்க. அப்புறம் அப்பா மட்டும்தான் குழி கிட்ட நின்னு இறக்கணும், பாப்பா தள்ளி உட்கார்ந்து நம்பர் எழுதட்டும், முடிச்சதும் அன்னைக்கே இரும்பு மூடி போட்டு போல்ட்டை முறுக்கிடுங்க.